எனாமல் சட்டி வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்: 1,449 வெள்ளி போன கதை

போன வாரம் வேலையிடத்தில் ஒரு தங்கச்சி கைப்பேசியை நீட்டி, "அக்கா, இந்தச் சட்டி நல்லாருக்கான்னு பாருங்க, பாதி விலைக்குப் போட்டிருக்காங்க" என்றாள். படத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு எனாமல் சட்டி. 149 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). "இரும்பாம்மா?" என்று கேட்டேன். "காஸ்ட் அயர்ன்னு எழுதியிருக்கே அக்கா" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூன்று வருடங்களுக்கு முன்னால் நான் இதே மாதிரி ஒரு படத்தை நள்ளிரவு வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என்னிடம் "பொறு, முதல்ல இதக் கேளு" என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவளுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் உட்கார்ந்து முழுதாக எழுதுகிறேன்.

2022 நடுவில் அம்மாவும் நானும் பட்டர்வொர்த் தரை வீட்டை விட்டுவிட்டு, பினாங்குத் தீவில் கெலுகோர் பக்கம் ஒரு கொண்டோ அடுக்குமாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். வீட்டுக்காரர் போட்ட முதல் நிபந்தனை, கேஸ் சிலிண்டர் கூடாது, இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும்தான். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதன் அர்த்தம் குடிவந்த மறுநாள்தான் புரிந்தது. அம்மாவின் மண்சட்டி அந்த அடுப்பில் சூடாகாது. அலுமினியக் குண்டான் சூடாகாது. இண்டக்‌ஷன் அடுப்பு நெருப்பில்லாமல் காந்தப் புலத்தால் பாத்திரத்தின் அடியையே சூடாக்குவது. காந்தம் ஒட்டாத மண்ணும் அலுமினியமும் அதற்கு இல்லாத பொருள் மாதிரி. எங்களிடம் வேலை செய்தது ஒரே ஒரு எவர்சில்வர் பாத்திரம். அதில் குழம்பு வைத்தால் அடி பிடிக்கும். எழுபது வயதுக்கு மேல் ஆன அம்மா, வாழ்க்கை முழுவதும் மண்சட்டியில் மீன்குழம்பு வைத்தவர், அந்தப் பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டே "இந்த வீட்டுல எனக்குச் சமைக்கத் தெரியலம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் தேட ஆரம்பித்தேன்.

வெறும் இரும்புச் சட்டி ஏன் வேண்டாம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் புளி கரைக்கிற சமையல். வெறும் இரும்பில் புளியும் தக்காளியும் கொதித்தால் குழம்பு கறுத்து, நாக்கில் இரும்பு வாடை நிற்கும். எனாமல் பூசிய வார்ப்பிரும்பு (காஸ்ட் அயர்ன்) அப்படியில்லை. உள்ளே இரும்பு, மேலே கண்ணாடிப் பூச்சு. புளி இரும்பைத் தொடாது, இண்டக்‌ஷனிலும் வேலை செய்யும், மண்சட்டி மாதிரி நின்று நிதானமாகச் சூடு தரும். இது அத்தனையும் உண்மை. நான் தேர்ந்தெடுத்த பொருள் சரியானது. வாங்கிய விதத்திலும் வைத்துக்கொண்ட விதத்திலும்தான் கோட்டை விட்டேன்.

முதல் சட்டி ஆன்லைனில், 159 வெள்ளி. பெட்டியைத் தூக்கியபோதே கை லேசாக இருந்தது, ஆனால் எனக்கு ஒப்பிட ஒன்றும் தெரியாதே. வந்த சமயம் அலுவலகத்தில் கணக்கு முடிக்கிற மாதக் கடைசி. பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டேன். பன்னிரண்டு நாள் கழித்துப் பிரித்து அடுப்பில் வைத்தால், அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துபோனது. திருப்பி வைத்தேன், கத்தியது. அம்மாவின் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த காந்தப் பிள்ளையாரை எடுத்து வந்து சட்டியின் பக்கவாட்டில் வைத்தேன். பிள்ளையார் வழுக்கித் தரையில் விழுந்தார். அது இரும்பே இல்லை. அலுமினியத்தை வார்த்து, மேலே வண்ணப் பூச்சு அடித்து, இரும்பு என்று பெயர் எழுதி விற்றிருக்கிறார்கள். திருப்பி அனுப்பும் கெடு அதற்குள் தாண்டிவிட்டது. விற்றவர் இரண்டு குறுஞ்செய்திக்குப் பதில் போட்டார், மூன்றாவதற்கு இல்லை.

ஆகவே வாங்குகிறவர்கள் பொருள் கைக்கு வந்த அன்றைக்கே பிரித்துப் பாருங்கள். காந்தத்தை அடியில் வைத்தால் மட்டும் போதாது. சில அலுமினியச் சட்டிகளுக்கு இண்டக்‌ஷனுக்காக அடியில் ஒரு காந்தத் தகடு பதித்திருப்பார்கள், அங்கே காந்தம் ஒட்டும். பக்கச் சுவரில் வைக்க வேண்டும், மூடியிலும் வைக்க வேண்டும். இரண்டிலும் பட்டென்று ஒட்டினால்தான் இரும்பு. அடுத்தது எடை. 24 சென்டிமீட்டர் வட்டச் சட்டி, நாலு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பிடிப்பது, மூடியோடு நாலரைக் கிலோ பக்கம் இருக்கும். விற்பனைப் பக்கத்தில் எடையைப் பாருங்கள். அந்த அளவுச் சட்டிக்கு இரண்டு கிலோ, இரண்டரைக் கிலோ என்று போட்டிருந்தால் அது வார்ப்பிரும்பு இல்லை. எடையே போடவில்லை என்றால் கேளுங்கள். பதில் வராத கடையில் வாங்காதீர்கள்.

இன்னொன்றும் எனக்கு அப்போது தெரியாது. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் என்று ஒன்று இருக்கிறது. வழக்குப் பதிய 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், ஆன்லைனில் வாங்கிய பொருளும் இதில் அடங்கும். மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பு யார், எங்கே இருக்கிறார் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமே! என்னிடம் இருந்தது ஒரு கடைப் பெயரும் ஒரு பூனைப் படமும்தான். காசு கட்டுமுன்னே விற்பவரின் நிறுவனப் பெயரையும் முகவரியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பெயரும் முகவரியும் போடாதவர்களிடம் இந்த மாதிரிக் கனமான விலைப் பொருளை வாங்கவே வேண்டாம்.

ஏமாந்த கோபத்தில் மனம் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. இனி நல்ல கடையில், நல்ல பெயர் உள்ளதைத்தான் வாங்குவது என்று முடிவு. ஒரு பேரங்காடியின் மலிவு விற்பனையில் 1,290 வெள்ளிக்கு ஒரு பெரிய பெயர் கொண்ட சட்டி வாங்கினேன், 28 சென்டிமீட்டர், கடல்நீல நிறம். அது என் வாடகையைவிட அதிகம். மூன்று மாதத் தவணையில் போட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது அம்மா புடவைத் தலைப்பால் அதைத் துடைத்துப் பார்த்த முகம் இன்னும் நினைவிருக்கிறது. முதல் நாள் பாயாசம் வைத்தோம். உள்ளபடியே சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமான பொருளை நான் அதுவரை வீட்டுக்கு வாங்கியதில்லை.

ஏழு வாரம். அவ்வளவுதான் அது இருந்தது. என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சட்டியை அடுப்பில் வைப்பேன், அடுப்பை 1,800 வாட்டுக்கு ஏற்றுவேன், வெறும் சட்டி காயட்டும் என்று வெங்காயம் நறுக்கப் போவேன். காய்ந்ததும் எண்ணெய் ஊற்றினால் உடனே புகை. கடுகு விழுந்ததும் வெடிக்காது, கருகும். அது சட்டியின் குணம் என்று நினைத்து எண்ணெயைக் கூட்டினேன். கிளறி முடித்ததும் கரண்டியில் ஒட்டியதை உதிர்க்க, சட்டி விளிம்பில் டங் டங் என்று இரண்டு தட்டு. அம்மாவும் அப்படித்தான் தட்டுவார், அம்மாவின் அம்மாவும் அப்படித்தான். ஐந்தாவது வாரம் உள்ளே அடியில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிந்தன. கறை என்று நினைத்தேன். கம்பி நார் போட்டுத் தேய்த்தேன். ஆறாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெறும் சட்டியை வைத்துவிட்டு வாசலில் பார்சல்காரரிடம் பேசி நின்றுவிட்டேன். வந்து பார்த்தபோது எரிந்த வாடை. பதறிப்போய்ச் சட்டியைத் தொட்டிக்குள் வைத்துக் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் விழுந்ததும் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். விரல் நொடிக்கிற மாதிரி, அவ்வளவு சின்னச் சத்தம். அதன் விலை 1,290 வெள்ளி என்று அப்போது தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை இரவு தெங்கிரி மீன்குழம்பு. ஜெலுத்தோங் சந்தையில் நானே துண்டு போட்டு வாங்கி வந்தது. அம்மா இரண்டாவது கவளத்தில் மெல்லுவதை நிறுத்தினார். "என்னம்மா இது, முள்ளு மாதிரியும் இல்ல, கல்லு மாதிரியும் இல்ல" என்று உள்ளங்கையில் துப்பினார். மஞ்சள் அப்பிய ஒரு சில்லு, நகத்தில் பாதி. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சாம்பல். கழுவி விளக்கில் பிடித்தால் கண்ணாடி. ஈறில் சின்னதாக ஒரு கீறல், இரண்டு துளி ரத்தம். உப்புத்தண்ணீரில் கொப்பளிக்க வைத்தேன். குழம்பு முழுவதையும் வடிகட்டியில் ஊற்றிப் பார்த்தேன், இன்னும் மூன்று சில்லு கிடைத்தது. சட்டியின் அடியில் இருபது சென் காசு அளவுக்குக் கறுப்பாக ஒரு பள்ளம். அம்மா விழுங்கியிருந்தால் என்ற நினைப்பு அன்று இரவு முழுவதும் என்னைத் தூங்க விடவில்லை. அம்மா அடுத்த அறையில் இருமும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன்.

கடைக்குப் படம் அனுப்பினேன். "ஆயுட்கால உத்தரவாதம்" என்று பெட்டியில் அச்சடித்திருந்ததே, அதை நம்பி. ஐந்து நாளில் பதில் வந்தது: வெப்ப அதிர்ச்சியும் (சூட்டுச் சட்டியில் திடீரென்று குளிர் படுவது) காலியாகச் சூடாக்கியதும் உத்தரவாதத்தில் சேராது. பெட்டிக்குள் இருந்த சின்னப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். ஆங்கிலத்திலும் இன்னும் ஏழெட்டு மொழிகளிலும் அதைத்தான் எழுதியிருந்தார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் ஒன்று உறுத்தியது. விற்றபோது என்னிடம் அரைமணி நேரம் நிறங்களைப் பற்றிப் பேசிய ஒருவர், "உங்கள் வீட்டில் எப்படித் தாளிப்பீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். யாரிடமும் சொல்லவில்லை நான். அண்ணன் ஜோகூரில், அவருக்குத் தெரிந்தால் "சட்டிக்கு ஆயிரம் வெள்ளியா" என்றுதான் முதல் வார்த்தை வரும். தவணை இன்னும் ஒரு மாதம் பாக்கி. உடைந்த பொருளுக்குக் காசு கட்டுவது எப்படியிருக்கும் என்று கட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன், முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில். எனாமல் என்பது வண்ணப்பூச்சு இல்லை. கண்ணாடித் தூளை இரும்பின் மேல் பூசி, 800 டிகிரி செல்சியஸ் பக்கம் உலையில் உருக்கி ஒட்டவைப்பது. சூடு ஏறினால் இரும்பு விரிகிற அளவுக்குக் கண்ணாடி விரியாது. உலையிலிருந்து வெளியே வந்து ஆறும்போது இரும்பு அதிகமாகச் சுருங்கும், அதனால் மேலேயுள்ள கண்ணாடி எப்போதும் கொஞ்சம் நெருக்கிப் பிடித்த நிலையில் இருக்கும். அது நல்லது. கண்ணாடி நெருக்கலைத் தாங்கும். இழுப்பைத்தான் தாங்காது. வெறும் சட்டியை முழு வேகத்தில் காய்ச்சினால் இரும்பு விரிந்து கண்ணாடியை இழுக்கிறது. சூட்டுச் சட்டியில் குழாய்த் தண்ணீர் விட்டால் இரும்பு சூடாகவே இருக்க, மேல் கண்ணாடி மட்டும் பட்டென்று சுருங்கப் பார்க்கிறது, அதுவும் இழுப்புத்தான். நான் பார்த்த சிலந்தி வலை, கேட்ட அந்த 'டிக்', இரண்டும் இதுதான். இண்டக்‌ஷனில் இன்னும் மோசம். சின்ன அடுப்பின் காந்தச் சுருள் சட்டி அடியின் நடுவை மட்டும் சூடாக்கும். என் 28 சென்டிமீட்டர்ச் சட்டிக்கு நடுவில் கொதி, ஓரத்தில் வெதுவெதுப்பு. ஒரே இரும்பு ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் நின்றால் மேலேயுள்ள கண்ணாடி என்ன செய்யும்?

ஆகவே நம் சமையலறைக்கு முதலில் மாற வேண்டியது தாளிப்பு. இதை எந்தக் கையேடும் எழுதவில்லை, ஏனென்றால் அந்தக் கையேடுகளை எழுதியவர்கள் கடுகு தாளிக்கிறவர்கள் இல்லை. நான் இப்போது செய்வது இது. எண்ணெயை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பைப் போடுவேன். வெறும் சட்டி சூட்டைப் பார்க்கவே கூடாது. முதல் நாலைந்து நிமிடம் 400 வாட், பிறகு 700, 800. அதற்கு மேல் இந்த மூன்று வருடத்தில் எனக்குத் தேவைப்படவில்லை. கடுகில் இரண்டு மணியை முன்கூட்டியே எண்ணெயில் போட்டு வைப்பேன். அதுதான் என் வெப்பமானி. எண்ணெய் ஏறும்போது முதலில் கடுகைச் சுற்றி ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரும், பிறகு கடுகு தானாகவே இடம் மாறி உருளும், பிறகு ஒன்று வெடிக்கும். ஒன்று வெடித்ததும் மீதிக் கடுகைப் போட்டுவிட்டு அடுப்பை ஒரு படி இறக்கிவிடலாம். மொத்தம் ஆறு, ஏழு நிமிடம் ஆகும். எவர்சில்வரில் ஒன்றரை நிமிடத்தில் தாளித்தவர்களுக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த இரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது. ஒருமுறை ஏறிவிட்டால் வெங்காயம் போட்டாலும் மீன் போட்டாலும் சட்டென்று தணியாது. அந்த ஏழு நிமிடம் பின்னால் திரும்பி வந்துவிடும். காத்திருக்க முடியாத நாளில் தாளிப்புக் கரண்டியில் தனியாகத் தாளித்துக் கடைசியில் கொட்டிவிடுங்கள், சட்டிக்கு அதுவே நிம்மதி.

இரண்டாவது, கரண்டி. விளிம்பில் தட்டுகிற பழக்கத்தை விடுவதற்கு எனக்குச் சட்டி மாற்றியதைவிட அதிக நாள் ஆனது. விளிம்பு வளைவான இடம், அங்கே ஒரு தட்டு விழுந்தால் எனாமல் தெறிக்கும். எவர்சில்வர்க் கரண்டியை மெதுவாகப் பயன்படுத்தலாம் என்பார்கள், அவசரச் சமையலில் மெதுவாக யார் இருப்பது? இரண்டு மரக்கரண்டி, ஒரு சிலிக்கோன் அகப்பை, இவற்றை மட்டும் அடுப்புப் பக்கம் வைத்துவிட்டு மற்றதை எட்டாத அலமாரிக்கு ஏற்றிவிட்டேன். தட்டத் தோன்றினால் கரண்டியை உள்ளங்கையில் தட்டுகிறார் அம்மா. அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்.

மூன்றாவது சட்டியைப் புதிதாக வாங்கத் துணிவில்லை. நாலு மாதம் கழித்து, தஞ்சோங் புங்காவில் வீடு மாற்றிப் போகிற ஒரு சீன ஆன்ட்டி பழையதை 380 வெள்ளிக்கு விற்பதாகத் தெரிந்து, அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். 24 சென்டிமீட்டர், மங்கிய பச்சை. இந்த முறை கையில் காந்தம், சின்ன டார்ச் விளக்கு. விளக்கை நேராக அடிக்கக் கூடாது, சட்டியின் விளிம்போடு ஒட்டிச் சாய்வாக அடிக்க வேண்டும். அப்போதுதான் முடிக்கோடு வெடிப்பும் சில்லுப் பள்ளமும் நிழலாகத் தெரியும். நகத்தால் உள்ளே முழுவதும் வருடினேன், எங்காவது தடுக்கிறதா என்று. அடி தட்டையாக இருக்கிறதா என்று அவர் வீட்டுக் கண்ணாடி மேசையில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். வெளிப்பக்கக் கைப்பிடியில் ஒரு சின்னச் சில்லு போயிருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. நான் இதெல்லாம் முடிக்கும்வரை அம்மா பேசாமல் இருந்தார். பிறகு மூடியை எடுத்துவிட்டு, சட்டியின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கச் சொல்லி, ஆள்காட்டி விரலை மடக்கி மொட்டியால் பக்கத்தில் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு நிற்குமே, அந்த மாதிரி நீளமாக ஒரு சத்தம். "எடுத்துக்கலாம்" என்றார். பொங்கலுக்கு லெபோ பசாரில் மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிற அதே தட்டு. இரும்பில் வெடிப்பு இருந்தால் சத்தம் நிற்காது, 'டொக்' என்று செத்துவிடும். அந்த ஆன்ட்டி அதைப் பார்த்துவிட்டு 30 வெள்ளி குறைத்துக்கொண்டார்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் பெரிதாக வாங்கிவிடுகிறோம், விருந்தாளி வந்தால் என்று. 28 சென்டிமீட்டர்ச் சட்டி மூடியோடு ஆறு கிலோவுக்கு மேல், அதில் மூன்று லிட்டர் குழம்பு இருந்தால் ஒன்பது கிலோவைத் தாண்டும், அதுவும் கொதிக்கக் கொதிக்க. அம்மாவால் நகர்த்தவே முடியவில்லை. இரண்டு பேருக்கு 20 அல்லது 22, நாலு பேருக்கு 24, அது போதும். உங்கள் அடுப்புச் சுருள் சின்னதாக இருந்தால் சட்டியும் சின்னதாகவே இருக்கட்டும். கடையில் தூக்கிப் பார்க்கும்போது வெறுங்கையால் தூக்காதீர்கள், வீட்டிலிருந்து கைப்பிடித் துணியைக் கொண்டுபோய் அதை மடித்துப் பிடித்துத் தூக்குங்கள். துணியோடு நாலு விரல் நுழையாத காது பயன்படாது. துணி ஈரமாக இருந்தால் சூடு நேராகக் கைக்கு வரும், காய்ந்த துணிதான் வேண்டும்.

உள் நிறம் இரண்டு வகை. பிரான்ஸில் 1925 முதல் செய்துவரும் லெ க்ருசே (Le Creuset) சட்டிகள் பெரும்பாலும் உள்ளே வெளிர்நிறம். 1974-இல் அங்கேயே அல்சேஸ் பகுதியில் தொடங்கிய ஸ்டாப் (Staub) சட்டிகள் உள்ளே சொரசொரத்த கறுப்பு. அந்தக் கறுப்பைப் பார்த்து வெறும் இரும்பு என்று பலர் நினைக்கிறார்கள், அதுவும் எனாமல்தான், புளிக்குப் பயமில்லை. வெளிர்நிறத்தில் வெங்காயம் எந்தப் பதத்தில் சிவக்கிறது, மசாலா எப்போது கருகப் போகிறது என்று கண்ணுக்குத் தெரியும், ஆனால் மஞ்சள் பிடிக்கும். கறுப்பில் கறை தெரியாது, பதமும் தெரியாது. இண்டக்‌ஷனுக்குப் புதியவர்கள் வெளிர்நிறம் வாங்குவது நல்லது என்பது என் எண்ணம். கருகுவதைக் கண்ணால் பார்த்தால்தான் கை அடுப்பை இறக்கும்.

மஞ்சள் கறைக்குப் பயப்படாதீர்கள். கறை அழுக்கில்லை, சுவையையும் மாற்றாது. நான் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்பசோடாவைப் போட்டு, சின்னச் சூட்டில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, அப்படியே ஆறவிட்டு, மரக்கரண்டியால் தள்ளுவேன். ஒட்டியிருப்பது வந்துவிடும். மிச்ச மஞ்சளுக்கு வெயில். மஞ்சள் பட்ட வெள்ளை வேட்டியைக் காயப்போட்டவர்களுக்குத் தெரியும், வெயில் மஞ்சளைத் தின்றுவிடும். ஈரத்தோடு பால்கனியில் கவிழ்க்காமல் வையுங்கள், ஒரு மத்தியானம் போதும். கம்பி நார் வேண்டவே வேண்டாம், பச்சைத் தேய்ப்பானும் வேண்டாம். அது பளபளப்பை எடுத்துவிடும், பிறகு எல்லாமே ஒட்டும். கழுவுவதற்கு முன் சட்டி கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற வேண்டும், இருபது நிமிடமோ அரைமணியோ. அதுவரைக்கும் சாப்பிடுங்கள்.

பினாங்கு ஈரக்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டியும் மூடியும் ஒன்றோடொன்று உரசும் விளிம்பில் எனாமல் மெல்லியதாகவோ சில தயாரிப்புகளில் இல்லாமலோ இருக்கும். கழுவி ஈரத்தோடு மூடி வைத்தால் இரண்டே நாளில் அங்கே செம்மண் நிறம் தட்டும். துடைத்து, அடுப்பின் மிச்சச் சூட்டில் ஐந்து நிமிடம் வைத்து, விளிம்பில் ஒரு சொட்டு எண்ணெயை விரலால் தடவிவிடுவேன். மூடிக்கும் சட்டிக்கும் நடுவில் மடித்த துணி ஒன்று, காற்று போக. என் பச்சைச் சட்டியின் காதில் சில்லு போன இடத்துக்கும் இதே எண்ணெய்தான். வெளிப்பக்கச் சில்லு அழகுக்குறை, அவ்வளவுதான். உட்பக்கச் சில்லு அப்படியில்லை. ஒன்று போன இடத்தின் ஓரம் பலவீனமாகிவிடும், அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. உள்ளே ஒரு சில்லு போனால் அன்றைக்கே சமைப்பதை நிறுத்திவிடுங்கள். மேலே ஏதோ பசை பூசிச் சரிசெய்யலாம் என்று விற்கிறார்கள், சாப்பாடு படும் இடத்தில் அதைச் செய்யாதீர்கள்.

தோசைக்கும் ஆப்பத்துக்கும் இதைக் கேட்காதீர்கள், அதற்கு எண்ணெய் குடித்த வெறும் இரும்புக்கல்தான். ஆட்டிறைச்சிப் பிரட்டல், புளிக்குழம்பு, வெந்தயக்குழம்பு, தேங்காய்ப்பால் சொதி, இவைதான் இதன் இடம். ஆட்டிறைச்சியை 400 வாட்டில் மூடிபோட்டு ஒன்றரை மணி நேரம் விட்டால் தண்ணீர் சேர்க்காமலே தன் சாற்றில் வேகிறது. சொதிக்குப் பால் ஊற்றுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே அடுப்பை அணைத்துவிடுகிறார் அம்மா. சட்டியின் சூடே போதும், பால் திரிவதில்லை. மீன்குழம்பு மறுநாள் காலையில் அதே சட்டியில் நன்றாக இருக்கிறது. மண்சட்டி மாதிரியே இருக்கிறதா என்று கேட்டேன். "அது வேற, இது வேற. ஆனா இதுல எனக்குச் சமைக்கத் தெரியும்" என்றார்.

கடல்நீலச் சட்டியை ஒரு வருடம் சமையலறை மூலையிலேயே வைத்திருந்தேன். யாருக்காவது கொடுக்கலாம் என்றால், வாங்குகிறவர்கள் அதில் சமைத்துவிடுவார்களே என்ற பயம். விற்பதற்கும் மனம் வரவில்லை. போன வருடம் ஒரு நாள் கீழே பழைய பேப்பர் லாரி ஒலிபெருக்கியோடு "சூராட் காபார் லாமா" என்று சுற்றி வந்தது. தூக்கிக்கொண்டு இறங்கினேன். இதை யாருக்கும் சமைக்க விற்றுவிடக் கூடாது, உள்ளே உடைந்திருக்கிறது என்று பள்ளத்தைக் காட்டினேன். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இது பாத்திரமாகப் போகாது அக்கா, இரும்பாக உருக்கத்தான் போகும் என்றார். தராசில் மாட்டினார். மூடியோடு ஆறு கிலோ இருநூறு. 5 வெள்ளி கொடுத்தார்.